ஈஸ்ட் செல்லின் பாஸ்போஇனோசிடைடு பாதை: குரோப்னர் கணக்கும் டிஎல்சி அளவும் ஒத்துவரவில்லை

#1 பாளை_கணக்கு

ஈஸ்ட் செல்லில் பிஐ (பாஸ்பாடிடைல்இனோசிடால் என்ற சவ்வு லிப்பிடு), அதில் ஒரு பாஸ்பேட் கூடிய பிஐ4பி, இரண்டு கூடிய பிஐ(4,5)பி2 (சுருக்கமாக பிஐபி2) மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும் பாதையை வளையக் கோட்பாட்டு (பல்லுறுப்புக்கோவைகளின் இயற்கணிதம்) வழியில் ஆராயும் வேலை இது. மேலே ஏற்ற (பாஸ்பேட் சேர்க்க) இரண்டு கைனேஸ் நொதி, கீழே இறக்க (பாஸ்பேட்டை வெட்ட) இரண்டு பாஸ்படேஸ் நொதி. லிப்பிடு 3, நொதி 4, நொதியும் லிப்பிடும் ஒட்டிய இணைவு 4, ஆக 11 மாறிகள். நிறைவினை விதிப்படி எழுதினால் எல்லாச் சமன்பாடும் பல்லுறுப்புக்கோவைதான். வேக மாறிலிகள் 12, மாறாத மொத்த அளவுகள் 5 (நொதிக்கு 4, லிப்பிடுக்கு 1).

சிக்கல் இரண்டு.

ஒன்று: 11 + 12 + 5 = 28-ஐயும் ஒரே வளையத்தில் மாறிகளாகப் போட்டு, எல்பி (அகராதி) ஒழுங்கில் சிங்குலர் என்ற இயற்கணித மென்பொருளில் ஸ்டிடி கட்டளை (குரோப்னர் அடிப்படை, அதாவது அதே தீர்வுகளைத் தரும் நீக்கலுக்கு வசதியான சமன்பாட்டுத் தொகுதி காண்பது) கொடுத்தால் 16 ஜிபி நினைவகமும் நிறைந்து நின்றுபோகிறது.

இரண்டு: பயோகெமிஸ்ட்ரி பக்கத்திலிருந்து வந்த டிஎல்சி (மென்படல வண்ணப்பிரிகை) அளவில் பிஐ, பிஐபி, பிஐபி2 மூன்றும் ஏறக்குறைய 1 : 1 : 1. பிஐ இவ்வளவு குறைவாக வர நொதிகளின் வேகத்தை நம்ப முடியாத அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. பிரித்தெடுத்த முறை: டிசிஏ (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) போட்டு வீழ்படிவு, 5% டிசிஏ, 1 மில்லிமோலார் இடிடிஏ கழுவல், மெத்தனால்–குளோரோபார்ம் 2:1 கழுவல் இரண்டு தடவை, பிறகு மெத்தனால்–குளோரோபார்ம்–அடர் எச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) 80:40:1.

மாதிரி தப்பா, அளவு தப்பா?

#2 ஐடியல்_அண்ணாச்சி

முதல் சிக்கலுக்கு மட்டும் இப்போ சொல்லுதேன். லிப்பிடு சமாச்சாரம் அக்கா வந்து பாக்கட்டும்.

28 மாறியில எல்பி ஒழுங்குன்னா எந்த மிஷினும் படுத்துரும் தம்பி. குரோப்னர் அடிப்படையோட மோசமான கேஸ், மாறி எண்ணிக்கையில இரட்டை அடுக்குல ஏறும். இந்த வரிசையில செய்ங்க:

வேக மாறிலியை மாறியா வைக்காதீங்க. குணகப் புலத்துக்குள்ள தள்ளுங்க. அதாவது விகிதமுறு எண் மேல 17 அளபுருக்களோட பின்னப் புலம், அதுக்கு மேல 11 மாறி உள்ள வளையம். சிங்குலர்ல வளையத்தை அறிவிக்கும்போது சிறப்பெண் 0-க்குப் பக்கத்துலயே அளபுருப் பேரை எழுதிட்டாப் போதும்.

அதுக்கும் முன்னால ஒரு வெள்ளோட்டம். 32003 மாதிரி ஒரு பகா எண்ணுக்கு மாடுலோ எடுத்து, அளபுருவுக்கெல்லாம் சும்மா ஏதாவது எண்ணைக் கொடுத்து டிபி ஒழுங்குல (மொத்தப் படியை முதல்ல பாக்கிற, வேகமான ஒழுங்கு) ஓட்டுங்க. பரிமாணம் 0 வருதா (அதாவது தீர்வுகள் முடிவான எண்ணிக்கையிலதானா), படி எவ்வளவுன்னு நொடியில தெரிஞ்சுரும். பரிமாணம் 0 வரலைன்னா ஏதோ ஒரு மொத்த அளவுச் சமன்பாட்டை விட்டுட்டீங்கன்னு அர்த்தம். 11 மாறிக்கு நிலைத்த நிலைச் சமன்பாடு சார்பில்லாம 6-தான் கிடைக்கும். பாக்கி 5 மொத்த அளவுல இருந்து வரணும்.

எல்பி வேணும்னா டிபியில முடிச்சுட்டு எஃப்ஜிஎல்எம்ங்கிற ஒழுங்கு மாத்துற வழிமுறையை வச்சு மாத்துங்க. அது பரிமாணம் 0 உள்ள ஐடியலுக்குத்தான் (சமன்பாடுகள் சேர்ந்து உண்டாக்குற பல்லுறுப்புக்கோவைத் தொகுதி) வேலை செய்யும்.

0.1-ன்னு தசமத்துல எழுதாதீங்க, 1/10-ன்னு எழுதுங்க. குரோப்னர் அடிப்படையைக் கணக்கிடுற புச்பெர்கர் வழிமுறையில ஒவ்வொரு அடியிலயும் "இது பூஜ்யமா"ன்னு கேள்வி வரும். மிதவைப் புள்ளி எண்ணுல 10-இன் அடுக்கு கழித்தல் 17-ன்னு ஒரு குப்பை மிஞ்சினாலும் அதை முதல் உறுப்பா எடுத்துக்கிட்டு ஐடியலையே மாத்திப்புடும்.

கடைசியா, இணைவு நாலையும், அதோட நொதி நாலையும் கையாலேயே நீக்குங்க. ஒவ்வொரு இணைவும் நொதி மொத்தம் × லிப்பிடு ÷ (மைக்கேலிஸ் மாறிலி + லிப்பிடு). மைக்கேலிஸ் மாறிலிங்கிறது நொதி பாதி நிரம்புற லிப்பிடு அளவு. அப்புறம் மிஞ்சுறது மூணே மாறி. பகுதியைப் பெருக்கி எடுத்ததால வந்த போலித் தீர்வுகளை, அதே பகுதிகளால சாச்சுரேட் பண்ணி வெளியேத்திருங்க.

#3 சிலிக்கா_அக்கா

மாதிரியில் தப்பில்லை. பிஐ குப்பைக்குப் போயிருக்கிறது.

நீங்கள் எழுதிய மெத்தனால்–குளோரோபார்ம் 2:1 கழுவலில் அமிலம் கிடையாது. டிசிஏ வீழ்படிவில் பிஐ4பி, பிஐபி2 இரண்டும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், கூடுதல் பாஸ்பேட்டின் மின்சுமை அதற்குக் காரணம். பிஐ-க்கு அந்தப் பிடி இல்லை. பிசி, பிஇ, பிஎஸ் போன்ற மற்ற பாஸ்போலிப்பிடுகளோடு சேர்ந்து அந்த நடுநிலைக் கழுவலிலேயே இறங்கிவிடும். பிஐபி2 மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்காக வந்த முறை அது. மற்ற லிப்பிடுகளை ஒழித்துக்கட்டத்தான் அந்தக் கழுவல். விகிதம் பார்க்க இதையே வைத்தால் கழுநீரோடு அரிசியையும் கொட்டின கதைதான். அப்படியும் ஒட்டி மிஞ்சின கொஞ்சம் பிஐ-யைத்தான் 1 : 1 : 1 என்று அளந்திருக்கிறார்கள். செல்லின் மொத்தத்தில் பிஐ4பி, பிஐபி2 ஒவ்வொன்றும் பிஐ-யில் நூற்றுக்குச் சில பங்குதான்.

செய்ய வேண்டியது: நடுநிலைக் கழுவல் இரண்டையும் ஒரு கண்ணாடிக் குழாயில் சேர்த்து வையுங்கள். அமிலச் சாற்றை வேறு குழாயில் எடுங்கள். இரண்டையும் தனித்தனியாக உலர்த்தி, தனித்தனித் தடத்தில் ஓட்டி, பிஐ-யை இரண்டிலும் கூட்டுங்கள். பிஐ4பி-யும் கொஞ்சம் முதல் கழுவலில் இறங்கியிருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும்.

அல்லது கழுவலே இல்லாமல் நேரே அமிலப் பிரித்தெடுப்பு. தட்டில் பிசி, பிஇ கூட்டம் அதிகமாகி புள்ளிகள் நெருங்கும். விகிதம் மட்டும் நம்பத் தகுந்தது.

அமிலச் சாற்றின் அளவுகளையும் எழுதிவிடுகிறேன். 80:40:1 கரைசல் 2.25 மில்லி, அறை வெப்பத்தில் 25 நிமிடம் விட்டு விட்டு வோர்டெக்ஸ். சுழற்றி மேல் திரவத்தை எடுத்து, அதில் குளோரோபார்ம் 0.75 மில்லி, 0.1 நார்மல் எச்சிஎல் 1.35 மில்லி. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கணக்குக்காரர்கள் பார்த்துக்கொள்ளலாம்: 2.25 மில்லியில் மெத்தனால் சுமார் 1.5, குளோரோபார்ம் 0.75. மேலும் 0.75 சேர்த்தால் குளோரோபார்மும் 1.5. நீர் 1.35. அதாவது 1959-இல் பிளை, டையர் சொன்ன 2 : 2 : 1.8 அப்படியே. நீர் குறைந்தால் அடுக்கு பிரியாது, அல்லது பிரிந்தும் பிஐபி2 பாதி மேலேயே நிற்கும். கீழ் அடுக்கைக் கண்ணாடிப் பாஸ்டர் பிப்பெட்டில் எடுத்து நைட்ரஜனில் உலர்த்துங்கள். அமிலத்தோடு இரவு முழுக்க வைத்தால் கொழுப்பமிலச் சங்கிலி அறுந்து லைசோ வடிவம் வரும்.

#4 ஈஸ்ட்_இட்லி

அக்கா சொன்னதோட இன்னொரு ஓட்டை. தட்டுல "பிஐபி"ன்னு ஒரு புள்ளி விழுதுல்லா, அது முழுக்க பிஐ4பி இல்ல. ஈஸ்ட்ல விபிஎஸ்34ங்கிற கைனேஸ் செய்யுற பிஐ3பி (பாஸ்பேட் வேற இடத்துல இருக்கும்), பிஐ4பிக்குக் கிட்டத்தட்ட சரிசமமா இருக்கும். சாதாரண டிஎல்சி ரெண்டையும் பிரிக்காது. மீத்தைலமீன் போட்டு கொழுப்பமிலத்தை அறுத்து எச்பிஎல்சியில (உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை) விட்டாத்தான் பிரியும். அது முடியலைன்னா விபிஎஸ்34 நீக்கின ஈஸ்டை ஓட்டி வித்தியாசம் பாக்கலாம், ஆனா அந்த ஈஸ்ட் 37 டிகிரியில வளராது.

பிஐ(3,5)பி2-ம் அப்படித்தான், பிஐ(4,5)பி2-வோட சேர்ந்து நிக்கும். சாதாரணமா ரொம்பக் கொஞ்சம். ஆனா ஊடகத்துல 0.9 மோலார் உப்பைக் கொட்டினா சில நிமிஷத்துல பத்து மடங்குக்கு மேல ஏறிரும். உப்பு அதிர்ச்சி, கழுவும்போது அடர்த்தி மாத்துறது எதுவும் கூடாது.

அறுவடையும் முக்கியம். உயிரோட சுழற்றி, தண்ணியில கழுவி, அப்புறம் டிசிஏ போட்டா அளக்குறது பட்டினி ஈஸ்டை. குளுக்கோஸ் போன சில நிமிஷத்துல கோல்ஜியில இருக்கிற பிஐ4பி சரிஞ்சுரும், சாக்1ங்கிற பாஸ்படேஸ் அங்க போயி வெட்டித் தள்ளும். 100% டிசிஏ கரைசலை நேரா கல்ச்சர்லயே ஊத்துங்க, 19 மில்லிக்கு 1 மில்லி, கடைசி அளவு 5%. உடனே ஐஸ். அப்புறம் சுழற்றுங்க.

#5 பாளை_கணக்கு

நன்றி அக்கா. கழுவல் குழாயை வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுகிறேன்.

அண்ணாச்சி, பகா எண் வெள்ளோட்டத்தில் பரிமாணம் 0 வந்துவிட்டது. மூன்று மாறிக்குக் குறைத்தபின் அளபுருவோடேயே நொடிகளில் முடிகிறது. ஆனால் அளபுருவை வைத்துக்கொண்டு கிடைத்த அடிப்படையில் எண்களைப் பிரதியிட்டால், சில எண்களுக்கு நேரடியாகக் கணக்கிட்டதோடு ஒத்துவரவில்லை. குறிப்பாக கைனேஸ், பாஸ்படேஸ் உச்ச வேகங்கள் சமமாக வைத்தபோது.

#6 ஐடியல்_அண்ணாச்சி

ஆ, இதுதாம்வே சுவாரசியமான இடம். ஒரு படியை மட்டும் எடுத்து விரிச்சுக் காட்டுதேன்.

பிஐ-யை ப0, பிஐ4பியை ப1-ன்னு வைங்க. கைனேஸ் உச்ச வேகம் வ, பாஸ்படேஸ் உச்ச வேகம் உ, மைக்கேலிஸ் மாறிலி முறையே ம, ந. நிலைத்த நிலையில

வ × ப0 ÷ (ம + ப0) = உ × ப1 ÷ (ந + ப1)

ப1-ஐத் தனியா எடுத்தா

ப1 = வ ந ப0 ÷ [உ ம + (உ − வ) ப0]

இதை ப0 + ப1 = மொத்தம்ங்கிறதுல போட்டா ப0-ல இருபடிச் சமன்பாடு. அதுல முதல் உறுப்போட குணகம் (உ − வ). பின்னப் புலத்துல நிக்கும்போது (உ − வ) ஒரு பூஜ்யமில்லாத உறுப்பு. சிங்குலர் தயங்காம அதால வகுத்துத் தள்ளும். நீங்க உ = வ-ன்னு எண் போட்டதும் பூஜ்யத்தால வகுத்த மாதிரி ஆயிட்டு. இருபடி ஒருபடியா இறங்கிருது. அதனாலதான் ஒத்துவரலை. எங்கெங்க இப்படி உடையும்னு தெரிஞ்சுக்கணும்னா அளபுருவைப் பகுதி பகுதியாப் பிரிச்சுப் பாக்கிற முழுமைக் குரோப்னர் அடிப்படை இருக்கு, வைஸ்ஃபென்னிங் 1992-ல கொடுத்தது. இல்லைன்னா ஒவ்வொரு வகுத்தலுக்கும் பகுதியை எழுதி வச்சுக்கிட்டு நேர்ம எண்ணுக்கு அது பூஜ்யமாகுமான்னு பாத்துக்கிடுங்க. கூட்டலா மட்டும் இருந்தா ஆகாது. கழித்தல் இருந்தா உஷார்.

ஆனா விஷயம் இதோட நிக்கல. 1981-ல கோல்ட்பெட்டர், கோஷ்லாண்ட் ரெண்டு பேரும் சொன்ன சுவிட்ச் அதே உ = வ இடத்துலதான் உக்காந்திருக்கு. மொத்தத்தை 1-ன்னு எடுத்து, ம = ந = 0.01-ன்னு போடுங்க. வ ÷ உ 0.91-ல இருந்து 1.1-க்குப் போகுறதுக்குள்ள ப1 9%-ல இருந்து 91%-க்குத் தாவும். ம = ந = 1-ன்னு போட்டா அதே மாற்றத்துக்கு 46%-ல இருந்து 54%, அவ்வளவுதான். கணக்குல "இங்க பிரதியிடாதே"ன்னு தடை வந்த இடம், செல்லு தன் கைப்பிடியைத் திருப்புற இடம். அடிப்படை உடையுற இடத்தைப் பிழைன்னு ஒதுக்காம முதல்ல அங்க போயிப் பாருங்க.

இன்னொண்ணு. இந்த மாதிரிக்கு நிலைத்த நிலை ஒண்ணே ஒண்ணுதான், அதுக்குக் குரோப்னரே வேண்டாம். மேல உள்ள சமன்பாட்டுல ப0 ஏறினா ப1 ஏறும். அதே மாதிரி ப1 ஏறினா ப2 (பிஐபி2) ஏறும். இணைவு நாலும் அதது லிப்பிடோட ஏறும். அப்போ மொத்த லிப்பிடுங்கிறது ப0-வோட ஏறிக்கிட்டே போற சார்பு. ஏறிக்கிட்டே போற சார்பு ஒரு மதிப்பை ஒரு தடவைதான் தொடும். முடிஞ்சுது.

#7 தென்காசிச்_சாரல்

அண்ணாச்சி கோவிக்கக் கூடாது. நாலு வரியில காகிதத்துல முடியுறதுக்கு எதுக்கு வளையம், ஐடியல், 16 ஜிபி? ஓடிஇ சால்வர்ல (வகைக்கெழுச் சமன்பாட்டை எண்ணால தீர்க்கிற மென்பொருள்) நூறு தொடக்க மதிப்பு கொடுத்து ஓட்டினா எங்க போயி நிக்குதுன்னு தெரிஞ்சுட்டுப் போகுது.

#8 ஐடியல்_அண்ணாச்சி

கோவம் எதுக்கு, நியாயமான கேள்விதான். இந்தப் பாதையில ஒவ்வொரு படிக்கும் தனி நொதி, அதனால காகிதம் போதும். ஒரே கைனேஸ் ரெண்டு படியையும் செஞ்சா ப0-ம் ப1-ம் அதே நொதிக்குப் போட்டி போடும். ஏறுமுக வாதம் அங்கேயே உடைஞ்சிரும். புரதத்துல ரெண்டு இடத்துல பாஸ்பேட் ஏத்துற சுழற்சியில, கைனேஸ் ஒண்ணு பாஸ்படேஸ் ஒண்ணுன்னு இருந்தா மூணு நிலைத்த நிலை வரை வரும். 2012-ல ஃபெலியூவும் வியூஃபும் இதைத்தான் வரிசையாப் பிரிச்சுக் காட்டினாங்க: நொதியைப் பங்கு போடுறதுதான் பல நிலைக்கு வழி விடுது. ஓடிஇ-யில நூறு தடவை ஓட்டி ஒரே இடம் வந்தா "ஒண்ணுதான் கண்டேன்"னு சொல்லலாம். "ஒண்ணுதான் உண்டு"ன்னு சொல்ல முடியாது. நிலையில்லாத நடுத்தீர்வை அது கண்ணுலயே காட்டாது.

#9 ஈஸ்ட்_இட்லி

நொதியைப் பங்கு போடுற பேச்சு வந்ததால கேக்கேன். ஐஎன்பி52, ஐஎன்பி53ங்கிற ஈஸ்ட் நொதி ரெண்டுலயும் ஒரே புரதத்துல சாக்1 பகுதியும் இருக்கு, 5-பாஸ்படேஸ் பகுதியும் இருக்கு. பாலூட்டியில சினாப்டோஜானின் எப்படியோ அதே கதை. பிஐபி2-வைப் பிஐ4பி ஆக்கி, அதையும் பிஐ ஆக்கிரும். இது பங்கு போடுறதுல சேருமா? (ஐஎன்பி51-ஐ இதுல சேக்காதீங்க, அதோட சாக்1 பகுதிக்கு வேலை கிடையாது.)

#10 ஐடியல்_அண்ணாச்சி

சேராது. பங்குங்கிறது புரதத்தோட பேரை வச்சு இல்ல, வினைமையத்தை வச்சு. ரெண்டு மையமும் தன் போக்குல வேலை செஞ்சா பிஐ4பி ஒரு மையத்துல உக்காந்திருக்கும்போது அடுத்ததுல பிஐபி2 உக்காரலாம். போட்டி இல்ல, ஏறுமுக வாதம் அப்படியே நிக்கும். ரெண்டு மொத்த அளவும் சமம்னு ஒரு கூடுதல் நிபந்தனை மட்டும்தான். ஆனா ஒரு மையம் நிரம்பினா அடுத்தது மூடிக்கிடும்னு இருந்தா, அது பங்குதான். மாதிரியில இணைவை எழுதும்போது இந்த முடிவை எடுத்துட்டு எழுதணும், சும்மா நாலு நொதின்னு எழுதிட்டுப் போகக் கூடாது.

நிஜமாவே சுவிட்ச் வேணும்னா பின்னூட்டம் தேடுங்க. பாலூட்டியில பிஐபி 5-கைனேஸை பாஸ்பாடிடிக் அமிலம் முடுக்கும். அந்தக் கைனேஸ் பிஐபி2 இருக்கிற சவ்வுல போயி இன்னும் அதிகமா ஒட்டும். 2019-ல செயற்கைச் சவ்வு மேல இந்தக் கைனேஸையும், மாத்தியமைச்ச ஓசிஆர்எல் பாஸ்படேஸையும் மோதவிட்டு ரெண்டு நிலையையும் காட்டியிருக்காங்க. அந்தப் பின்னூட்ட உறுப்பு வந்துட்டா படி ஏறும், கையால நீக்க முடியாது. அப்போ டிபி, எஃப்ஜிஎல்எம், ஸ்டர்ம் வரிசைன்னு முழுச் சாமானும் வேணும். தம்பி, ஒரு மாறிக்கு இறக்கின பல்லுறுப்புக்கோவையோட படியைப் பாத்து "ஏழு தீர்வு"ன்னு எழுதிராதீங்க. படி சொல்றது கலப்பெண் தீர்வை. செல்லுக்கு வேண்டியது நேர்ம மெய்யெண். அதை எண்ணத்தான் ஸ்டர்ம்.

#11 பாளை_கணக்கு

அப்படியானால் பின்னூட்டம் இல்லாத இந்த மாதிரி சரிதானா என்று ஆய்வகத்தில் சோதிக்க, வேக மாறிலி எதுவும் தெரியாமலேயே ஏதாவது வழி உண்டா? நீக்கல் ஐடியல் (சில மாறிகளை நீக்கியபின் மிஞ்சும் உறவுகள்) அதற்கு உதவுமா?

#12 ஐடியல்_அண்ணாச்சி

உதவும். ப2, இணைவு, நொதி எல்லாத்தையும் நீக்கினா ப0, ப1 மட்டும் உள்ள ஒரு உறவு மிஞ்சும், #6-ல எழுதினதேதான். அதுல எம்எஸ்எஸ்4 (பிஐ4பியை பிஐபி2 ஆக்குற கைனேஸ்) சம்பந்தமான அளபுரு ஒண்ணுகூட இல்ல. ஆக எம்எஸ்எஸ்4-ஐக் கூட்டினாலும் குறைச்சாலும் (பிஐ, பிஐ4பி) புள்ளி அதே வளைகோட்டுலதான் நகரணும்.

எண்ணுல பாருங்க. உதாரணத்துக்கு பிஐ 100, பிஐ4பி 3, பிஐபி2 3-ன்னு வைங்க, நொதிகள் நிரம்பாத நிலை. எம்எஸ்எஸ்4-ஐ முழுசா நிறுத்தினா பிஐபி2-ல இருந்த 3-ம் கீழ இறங்கும். மொத்தம் 106, விகிதம் 100 : 3 மாறாது. பிஐ 102.9, பிஐ4பி 3.09. அதாவது பிஐ4பி கிட்டத்தட்ட அசையவே கூடாது! வாசல் அடைச்சா பின்னால தேங்கும்னு தோணும், இந்த மாதிரிப்படி தேங்காது, பாஸ்படேஸ் அதை இறக்கிக்கிட்டே இருக்கும். அளந்து பாத்து பிஐ4பி 6 வந்துச்சுன்னா மாதிரி போச்சு.

போனா ரெண்டு சந்தேகம். பிஎல்சிங்கிற நொதி பிஐபி2-வை வெட்டி வெளியே இழுக்குதுன்னா சமன்பாட்டுல வலப்பக்கம் ஒரு ஓட்டம் கூடும், எம்எஸ்எஸ்4 நின்னா அந்த ஓட்டமும் நிக்கும், வளைகோடு நகரும். இல்லைன்னா பிஐ4பி ஒரே தொட்டியில இல்ல.

#13 ஈஸ்ட்_இட்லி

ஒரே தொட்டியில இல்லவே இல்ல. எஸ்டிடி4ங்கிற கைனேஸ் பிஐ4பி செய்யுறது செல் சவ்வுல, பிக்1ங்கிற கைனேஸ் செய்யுறது கோல்ஜியில. எம்எஸ்எஸ்4 தொடுறது செல் சவ்வுத் தொட்டியை மட்டும். பிஐ-யில பெரும்பங்கு உள்சவ்வுகள்ல கிடக்கு. மொத்தச் செல்லையும் கரைச்சு ஒரே புள்ளியா அளந்தா எல்லாத் தொட்டியும் ஒண்ணாச் சேர்ந்துரும். குறைஞ்சது பிஐ4பி-யை ரெண்டா எழுதுங்க. இடம் மாறுற வினை ஒருபடிதான், ஐடியலுக்குச் சுமை ஏறாது.

எம்எஸ்எஸ்4-க்கு வெப்ப உணர்வுள்ள எம்எஸ்எஸ்4-102 ஈஸ்ட் இருக்கு, 37 டிகிரியில அந்தக் கைனேஸ் நின்னுரும். ஆனா ஒப்பிடும்போது சாதா ஈஸ்டையும் அதே 37 டிகிரிக்கு அதே நேரம் ஏத்தியே ஒப்பிடணும். சூட்டுல எல்லா நொதியோட மாறிலியும் மாறும், 25-ல இருந்த வளைகோடு 37-ல வேற.

பாளையங்கோட்டையில இதுக்கு இன்னொரு தொல்லை. சாதா இன்குபேட்டர் சூடாக்க மட்டும்தான் செய்யும், குளிராக்காது. சித்திரை வைகாசியில ஏசி இல்லாத அறையில 37 தொட்டுரும். அந்த ஈஸ்ட் வளரணும்னா 24–25 டிகிரி வேணும். டிஸ்ப்ளேயில 25-ன்னு செட் பண்ணியிருந்தாலும் உள்ள அறை வெப்பம்தான். கரண்ட் போயி ஏசி நின்னா சோதனை தானாவே ஆரம்பிச்சுரும், யாருக்கும் தெரியாது. குளிர்விக்கிற பிஓடி இன்குபேட்டர்ல வைங்க, உள்ள தனி வெப்பமானி போடுங்க. கண்ட்ரோல் வரலைன்னு சொல்ற பாதி பேருக்குக் காரணம் இதுதான்.

#14 சிலிக்கா_அக்கா

3-க்கும் 3.09-க்கும் வித்தியாசம் டிஎல்சியில் தெரியாது. 3-க்கும் 6-க்கும் தெரியும். அதனால் சோதனை செய்யத் தகுந்ததுதான். ஆனால் எவ்வளவு ஈஸ்ட் வேண்டும் என்று முதலில் போட்டுப் பாருங்கள்.

ஈஸ்ட் விட்டம் 5 மைக்ரோமீட்டர் என்றால் பரப்பு சுமார் 78 சதுர மைக்ரோமீட்டர். ஒரு லிப்பிடுக்கு 0.65 சதுர நானோமீட்டர் என்று எடுத்தால் சவ்வின் இரண்டு தாள்களில் ஒன்றில் சுமார் 12 கோடி லிப்பிடு. பிஐபி2 அதில் 1% என்று வைத்தால் செல்லுக்கு 12 லட்சம். 1 நானோமோலுக்கு 50 கோடி செல். ஓடி (கல்ச்சரின் கலங்கல் அளவு) 1-இல் மில்லிக்கு 2 கோடி செல் என்றால் 25 மில்லி கல்ச்சர். பாஸ்பேட் அளவீட்டில் நம்பிக்கையாக வர 5 நானோமோலாவது வேண்டும், அதாவது ஓடி 1-இல் 125 மில்லி, ஒரு தடத்துக்கு. 10 மில்லி கல்ச்சரில் எடுத்துவிட்டுப் புள்ளி தெரியவில்லை என்றால் முறையைக் குறை சொல்லக் கூடாது. #3-இல் எழுதிய 2.25 மில்லி சின்ன வீழ்படிவுக்கு. இவ்வளவு செல்லுக்கு எல்லா அளவையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும்.

மேலப்பாளையம் சந்தைப் பக்கம் ஆட்டு மூளை எளிதாகக் கிடைக்குமே என்று கேட்பார்கள். வேண்டாம். மூளையில் பிஐபி2 நிறைய உண்டு, ஆனால் உயிர் போன சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். கடையிலிருந்து ஐஸில் கொண்டுவந்தாலும் தாமதம்தான்.

தட்டு: சிலிக்கா தட்டை 1% பொட்டாசியம் ஆக்சலேட் (மெத்தனால்–நீர் 2:3) கரைசலில் நனைத்து, காற்றில் உலர்த்தி, 110 டிகிரியில் ஒரு மணி நேரம். ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் பிஐபி2 கால்சியத்தோடு சேர்ந்து தொடக்கக் கோட்டிலேயே வால் விடும். கண்ணாடிச் சாமானைப் போர் தண்ணீரில் அலசி அப்படியே காயவைத்தால் உள்ளே வெள்ளைப் படலம் நிற்கும், அதுவும் கால்சியம்தான். நீர்த்த எச்சிஎல்லில் அலசி, கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்.

ஓட்டும் கரைசல்: குளோரோபார்ம்–அசிட்டோன்–மெத்தனால்–அசிட்டிக் அமிலம்–நீர் 80:30:26:24:14. பிஐபி2 எல்லாவற்றுக்கும் கீழே, அதற்கு மேல் பிஐபி, அதற்கும் மேல் பிஐ. இந்தக் கழிவை மீத்தைலமீன் அல்லது காரக் கழிவுப் புட்டியில் ஊற்றவே கூடாது. குளோரோபார்மும் அசிட்டோனும் காரத்தில் கடுமையாகச் சூடேறி வினைபுரியும், மூடிய புட்டி வெடிக்கும்.

வெயில் காலத்தில் குளோரோபார்மைச் சாதாரண மைக்ரோபிப்பெட்டில் எடுத்தால் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், கொதிநிலை 61 டிகிரிதான். ஹாமில்டன் சிரிஞ்சில் எடுங்கள். குளோரோபார்ம் தொட்ட பிறகு எல்லாம் கண்ணாடி, மூடிக்கு டெஃப்லான் உறை. பாலிஸ்டைரீன் குழாய் கரைந்துவிடும். ரப்பர் மூடியிலிருந்து ஏதேதோ கரைந்து வந்து தட்டில் புள்ளியாக நிற்கும்.

#15 தென்காசிச்_சாரல்

தட்டு விஷயத்துல ஒண்ணு சேக்கேன். ஆனி, ஆடியில தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் விழும்போது, 110 டிகிரியில இருந்து எடுத்த தட்டை மேஜையில வச்சுட்டு மாதிரியைப் புள்ளி வைக்கிறதுக்குள்ள ஈரத்தைக் குடிச்சுரும். ஈரம் குடிச்ச சிலிக்காவுல எல்லாம் வேகமா மேல ஏறும், பிஐபியும் பிஐபி2-வும் நெருங்கி ஒட்டும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர்ல ஆறவிட்டு, எடுத்தவுடனே வைங்க. தொட்டிக்குள்ள வடிதாள் ஒட்டி ஆவி நிறைஞ்ச பிறகு தட்டை இறக்குங்க. ஒவ்வொரு தட்டுலயும் தெரிஞ்ச பிஐபி2 ஒரு தடம் கட்டாயம். நேத்து ஓடின தூரத்தை வச்சு இன்னைக்குப் புள்ளிக்குப் பேர் வைக்கக் கூடாது.

அக்கா, பாஸ்பேட் அளவீட்டுக்கு என்ன முறை? பெர்குளோரிக் அமிலம் வேண்டாம்னு சில இடத்துல சொல்லுதாங்களே.

#16 சிலிக்கா_அக்கா

பயம் நியாயம்தான், ஆனால் காரணம் தெரிந்தால் செய்யலாம். சுரண்டிய சிலிக்காவில் கரைப்பான் துளிகூட இருக்கக் கூடாது. கரிமக் கரைப்பானும் சூடான பெர்குளோரிக் அமிலமும் சேர்ந்தால் வெடிக்கும். முழுக்க உலர்த்திய பிறகே அமிலம், அதற்குத் தகுந்த புகைக் கூண்டில் மட்டும்.

70% பெர்குளோரிக் 0.65 மில்லி, 180 டிகிரி மணல் தொட்டியில் மஞ்சள் நிறம் போகும்வரை, அரை மணி நேரம் போல. குழாய் வாயில் ஆளுக்கொரு கோலிக்குண்டு வையுங்கள். சாதாரணக் கண்ணாடிக் கோலிதான். ஆவி அதன் அடியில் பட்டுத் துளியாகி உள்ளேயே இறங்கும், அமிலம் வற்றாது. ஆறிய பிறகு நீர் 3.3 மில்லி, 2.5% அம்மோனியம் மாலிப்டேட் 0.5 மில்லி, கலக்கிவிட்டு 10% அஸ்கார்பிக் அமிலம் 0.5 மில்லி. கொதிநீரில் 5 நிமிடம். ஆறவிட்டு, சிலிக்காவைச் சுழற்றி ஒதுக்கி, 800 நானோமீட்டரில் படியுங்கள். நீலம் வர மாலிப்டேட்டை ஒடுக்கும் இந்த வழிக்கு மூலம் 1925-இல் ஃபிஸ்க்கும் நம்ம எல்லாப்பிரகட சுப்பாராவும் கொடுத்தது.

அஸ்கார்பிக் அமிலம் அன்றன்று கலக்க வேண்டும். வெற்று அளவு அதிகம் வந்தால் முதலில் சோப்பைச் சந்தேகியுங்கள், சில சோப்புத் தூளில் பாஸ்பேட் உண்டு. வெற்றுத் தடத்திலிருந்தும் அதே பரப்பளவு சிலிக்காவைச் சுரண்டி கழித்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் மறப்பது ஒன்று: பிஐ-யில் பாஸ்பேட் 1, பிஐபியில் 2, பிஐபி2-வில் 3. பாஸ்பேட் எண்ணிக்கையை அதால் வகுத்த பிறகுதான் லிப்பிடு விகிதம். #1-இல் வந்த 1 : 1 : 1 வகுப்பதற்கு முன்பா பின்பா என்றும் கேட்டுப் பாருங்கள் தம்பி.

#17 பாளை_கணக்கு

கேட்டுவிட்டேன் அக்கா. வகுப்பதற்கு முன்பு. அப்படியானால் அமிலச் சாற்றில் மட்டும் லிப்பிடு விகிதம் 6 : 3 : 2. கழுவல் குழாய்கள் உலர்த்தாமல் கழித்தல் 20 டிகிரியில் இருக்கின்றன, டெஃப்லான் மூடி. அதில் பிஐ-யை அளந்தால் போதுமா, அல்லது புதிதாக எடுக்க வேண்டுமா?

#18 சிலிக்கா_அக்கா

பிஐ-க்கு அது போதும், எச்சிஎல் படாத சாறு. உலர்த்தி, குளோரோபார்மில் கரைத்து, ஆக்சலேட் தட்டிலேயே தெரிந்த பிஐ பக்கத்தில் ஓட்டுங்கள். மீதி இரண்டு எண்களும் பிஐ3பி, பிஐ(3,5)பி2 இவற்றோடு கலந்தவை, அதை வைத்து வளைகோடு போட வேண்டாம். எம்எஸ்எஸ்4 சோதனைக்குப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், கல்ச்சரிலேயே டிசிஏ ஊற்றி.

#19 ஐடியல்_அண்ணாச்சி

அதுவரைக்கும் தம்பி, பிஐ4பியை செல் சவ்வு, கோல்ஜின்னு ரெண்டாப் பிரிச்சு, பிஐ3பியையும் தனி மாறியா வச்சு, எதைக் கூட்டித் தட்டு அளக்குதோ அதை புது மாறியா எழுதி (அளவு = மூணோட கூட்டுத்தொகை) மத்ததையெல்லாம் நீக்கிப் பாருங்க. எம்எஸ்எஸ்4 அளபுரு இல்லாத உறவு அந்த அளவு மாறியில ஒண்ணாவது மிஞ்சுதான்னு பாருங்க. மிஞ்சலைன்னா எச்பிஎல்சி இல்லாம இந்தச் சோதனையைத் தொடங்காதீங்க, 125 மில்லி கல்ச்சர் வீண்.